குருட்டாம்போக்கில் பங்கு வாங்கி, வெளியேறும் விதியை மட்டும் நம்பினால் லாபம் வருமா?

பூவா_தலையா

கேள்வி கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பங்கு தேர்ந்தெடுக்க வராது. நான்கு வருடம் முயன்று பார்த்துவிட்டு ஒப்புக்கொண்ட உண்மை இது. நான் ஆராய்ந்து வாங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போயின. நிபுணர்கள் தேர்ந்த பங்குகளையும் பலகையில் சிறு ஈட்டி எறிந்து தேர்ந்த பங்குகளையும் மோதவிட்டு வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 1988இல் தொடங்கி நடத்திய போட்டியைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. 100 போட்டிகள் முடிந்த நிலையில் நிபுணர்கள் 61 முறை ஈட்டியை வென்றிருந்தார்கள், ஆனால் டவ் ஜோன்ஸ் சராசரியை (அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடு) வென்றது 51 முறைதான். அவர்களுக்கே அப்படி என்றால் நான் எம்மாத்திரம்.

அப்புறம் டாம் பாஸோ என்ற வர்த்தகரும் வான் தார்ப் என்ற வர்த்தகப் பயிற்சியாளரும் செய்த சோதனை கண்ணில் பட்டது. 10 ஃப்யூச்சர்ஸ் (வருங்கால ஒப்பந்த) சந்தைகள். வாங்குவதா விற்பதா என்பதைக் காசு சுண்டித் தீர்மானிக்கிறார்கள். ஏடிஆர் (விலையின் சராசரி தினசரி அசைவு) அளவைப் போல 3 மடங்கு தூரத்தில் ட்ரெய்லிங் ஸ்டாப் (விலை சாதகமாக நகர நகரக் கூடவே நகரும் வெளியேறும் விலை), ஸ்டாப் அடித்தால் ஒரு வர்த்தகத்துக்கு மூலதனத்தில் 1% மட்டும் போகும்படி ரிஸ்க், அவ்வளவுதான் விதி. என்ட்ரியில் எந்த மூளையும் இல்லாமலே லாபம் வந்திருக்கிறது. இதைப் பங்குகளில் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினேன். ஒரு இண்டெக்ஸில் இருக்கும் 500 பங்குகள், 15 வருட தினசரி விலை. ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 பங்குகள். ஒன்றிலிருந்து வெளியேறினால் மறுநாள் காலை ஏதோ ஒரு பங்கை குருட்டாம்போக்கில் வாங்கும். வாங்குவது மட்டும்தான், ஷார்ட் (விலை விழும் என்று முதலில் விற்பது) கிடையாது. ஸ்டாப்பும் ரிஸ்க்கும் மேலே சொன்னபடியே. இதை 1000 முறை, குலுக்கல் ஒவ்வொரு முறையும் மாறும்படி வெவ்வேறு தொடக்க எண்ணோடு ஓட்டினேன்.

பெரும்பாலான ஓட்டங்களில் லாபம்! வெற்றி விகிதம் சுமார் 39%தான், ஆனால் சராசரி லாபம் சராசரி நட்டத்தைப் போல 1.8 மடங்கு இருக்கிறது. அப்படியென்றால் என்ட்ரி என்பதே ஒரு பொருட்டில்லை, எக்ஸிட்டும் பொசிஷன் சைஸிங்கும் (ஒவ்வொன்றிலும் எவ்வளவு பணம் போடுவது என்பதும்) தான் எல்லாம் என்று எடுத்துக்கொள்ளலாமா? இதில் உண்மைப் பணத்தைப் போடலாமா?

கணக்கப்பிள்ளை

போடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

பங்கு, சந்தை எல்லாவற்றையும் ஒரு நிமிடம் மறந்துவிடுங்கள். மேலேயும் போகாமல் கீழேயும் சாயாமல் குடிகாரன் நடை நடக்கும் ஒரு விலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1 அலகு கீழே ஸ்டாப், 2 அலகு மேலே டார்கெட் (லாபத்தோடு வெளியேறும் விலை) வைத்தால் டார்கெட் கிடைக்கும் வாய்ப்பு சரியாக மூன்றில் ஒன்று. மூன்று வர்த்தகத்தில் ஒரு முறை 2 வரும், இரண்டு முறை 1 போகும், கூட்டினால் பூஜ்யம். திருப்பிப் போட்டு 3 கீழே, 1 மேலே என்று வைத்தால் 75% வெற்றி விகிதம் கிடைக்கும், நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்படலாம், ஆனால் கூட்டிப் பார்த்தால் அதுவும் பூஜ்யம். எப்போது எழுந்து போவது என்கிற விதியால் மட்டும் நியாயமான சூதாட்டத்தை லாபமான சூதாட்டமாக மாற்ற முடியாது. இது யாருடைய கருத்தும் இல்லை, நிரூபிக்கப்பட்ட கணிதத் தேற்றம்.

ட்ரெய்லிங் ஸ்டாப் வேறு மாதிரி இருக்குமே என்று தோன்றும். அதையும் போட்டுப் பார்த்துவிடலாம். ஸ்டாப் தூரத்தை 1 ஆர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே குடிகாரன் நடையில், வாங்கிய பிறகு விலை தொடும் உச்சத்தின் சராசரி 1 ஆர், அந்த உச்சத்திலிருந்து 1 ஆர் கீழே நீங்கள் வெளியேறுகிறீர்கள், ஆகவே சராசரி பூஜ்யம். லாபத்தில் முடியும் வாய்ப்பு 36.8%. லாபம் வந்தால் சராசரி 1 ஆர், நட்டம் வந்தால் சராசரி 0.58 ஆர். வகுத்துப் பாருங்கள், 1.72 மடங்கு. சுமார் 150 வர்த்தகத்தில் ஒன்று 4 ஆருக்கு மேல் கொடுக்கும், அதைப் பார்த்து ‘லாபத்தை ஓடவிட்டேன்’ என்று நாம் மார்தட்டிக்கொள்வோம்.

இப்போது உங்கள் எண்களைப் பாருங்கள். 39%, 1.8 மடங்கு. குடிகாரனுக்கு 37%, 1.7 மடங்கு. நீங்கள் எக்ஸிட்டின் திறமை என்று நினைத்த அந்த வடிவம் முழுவதும் வெறும் இரைச்சலே கொடுக்கும் வடிவம்! மிச்சம் இருக்கும் சின்ன வித்தியாசம்தான் உங்கள் லாபம். கணக்குப்படி அது ஒரு வர்த்தகத்துக்கு ஏறக்குறைய 0.05 ஆர்.

அந்த 0.05 எங்கிருந்து வந்தது? பங்குச் சந்தை நீண்ட காலத்தில் மேலே நகர்கிறது, நீங்கள் வாங்க மட்டுமே செய்கிறீர்கள், அந்த ஏற்றத்தில் ஒரு துண்டு உங்களுக்கும் விழுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

இன்னொன்று, கமிஷன், ஸ்லிப்பேஜ் (நினைத்த விலைக்கும் உண்மையில் கிடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்) போட்டீர்களா? ஸ்டாப் விலையிலிருந்து 6% தூரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். வாங்கவும் விற்கவும் சேர்த்து 0.3% செலவானால் அதுவே 0.05 ஆர். கதை முடிந்தது.

நிழல்_தரவு

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் எனக்கு அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. அந்த 500 பங்குகள் எந்தத் தேதியில் இருந்த 500? இன்றைய பட்டியலை எடுத்து 15 வருடம் பின்னால் ஓட்டியிருந்தால் அது குருட்டாம்போக்கே இல்லை. திவாலானவை, டெலிஸ்ட் ஆனவை (சந்தையிலிருந்தே நீக்கப்பட்டவை), இண்டெக்ஸிலிருந்து வெளியே தள்ளப்பட்டவை எதுவும் அதில் இருக்காது. 15 வருடம் கழித்துப் பிழைத்திருக்கப் போகிறவர்கள் யார் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு அவர்களுக்குள் சீட்டுக் குலுக்குகிறீர்கள். ஒவ்வொரு தேதியிலும் அன்று உண்மையில் பட்டியலில் இருந்த பங்குகளிலிருந்துதான் எடுக்க வேண்டும், காணாமல் போன பங்குகளின் விலையும் கடைசி நாள் வரை வேண்டும். அந்தத் தரவு சுலபத்தில் கிடைக்காது, இலவசமாகக் கிடைப்பது இன்னும் அரிது. அதனால்தான் பெரும்பாலான பேக்டெஸ்ட்டுகள் (பழைய விலையில் ஓட்டிப் பார்க்கும் சோதனைகள்) அழகாக இருக்கின்றன.

பங்குப் பிரிப்பு, போனஸ் எல்லாம் விலையில் சரிசெய்யப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சரிசெய்யாத விலையில் ஒரு பங்கு இரண்டாகப் பிரிந்தால் உங்கள் ஸ்க்ரிப்ட் அதை ஒரே நாளில் 50% சரிவு என்று நினைத்து ஸ்டாப் அடித்திருக்கும். டிவிடெண்டையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் சும்மா வாங்கி வைத்திருப்பவனோடு ஒப்பிடும்போது அவனுக்குத்தான் அநியாயம்.

அப்புறம் ஸ்டாப் அடித்தால் எந்த விலையில் விற்கிறது? ஸ்டாப் விலையிலேயா? காலையில் சந்தை திறக்கும்போதே விலை ஸ்டாப்புக்குக் கீழே இருந்தால் அந்தத் திறப்பு விலைதான் கிடைக்கும்.

பூவா_தலையா

நொறுங்கிப்போனேன், ஆனால் நன்றி. இன்றைய பட்டியலைத்தான் எடுத்திருந்தேன். செலவு எதுவும் போடவில்லை. கேப் டவுன் ஆகி ஸ்டாப்புக்குக் கீழே திறந்தாலும் ஸ்டாப் விலையிலேயே விற்றதாகத்தான் எழுதியிருக்கிறேன்.

நேற்று இரவு இன்னொரு தவறும் கண்டுபிடித்தேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மூலதனம் 1,00,000 என்றால் 1% ரிஸ்க் 1,000. ஏடிஆர் விலையில் 2% இருக்கும் பங்குக்கு ஸ்டாப் 6% தூரம், ஆகவே 1,000ஐ 0.06 ஆல் வகுத்தால் 16,667க்கு வாங்க வேண்டும். அப்படி 6 பங்கு வாங்கினாலே பணம் தீர்ந்துவிடும். நான் 10 வரை அனுமதித்திருந்தேன், கையில் பணம் இருக்கிறதா என்று பார்க்கும் வரியே ஸ்க்ரிப்ட்டில் இல்லை. ரொக்க இருப்பை அச்சிட்டுப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் மைனஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதாவது வட்டியில்லாக் கடன் வாங்கி, ஏறும் சந்தையில் வாங்கி, அதற்கு ‘ஒழுக்கமான பொசிஷன் சைஸிங்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். 1% என்ற சொல்லே பாதுகாப்பாகக் காதில் விழுகிறதா, அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய தொகை நிற்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

பழைய_கட்டை

தம்பி, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்க்ரிப்ட்டில் மைனஸ் ஆனது உங்களுக்கு. எனக்கு நிஜக் கணக்கிலேயே ஆனது.

சைஸிங் பற்றி இரண்டு வார்த்தை. விரலுக்கேற்ற வீக்கம் என்பார்களே, அதுதான் மொத்த விஷயமும், ஆனால் விரல் எவ்வளவு பெரியது என்று எவனுக்கும் தெரிவதில்லை. 63% தோல்வி உள்ள முறையில் வரிசையாக 10 நட்டம் வருவது 100இல் ஒரு தடவை நடக்கிற விஷயம் என்று தோன்றும். 500 வர்த்தகம் செய்பவனுக்கு அது ஒரு முறையாவது வருவதற்கு 80%க்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பத்தும் முழு ஸ்டாப்பிலேயே போனதாக வைத்தால், 1% ரிஸ்க்கில் 9.6% குறையும், மறுநாள் வேலையைப் பார்க்கலாம். 5% ரிஸ்க்கில் 40% போகும். 10% ரிஸ்க்கில் 65% போகும், பழைய இடத்துக்கு வர கையில் மிஞ்சியதை ஏறக்குறைய மூன்று மடங்காக்க வேண்டும்.

நான் 5%இல் இருந்தேன். என் விதிகளில் தவறில்லை, சொன்னால் நம்புங்கள், இன்றும் அதே விதிகள்தான் வைத்திருக்கிறேன். வரிசையாக ஏழாவது நட்டம் வந்த அன்று விதியை மீறினேன், ஸ்டாப்பை எடுத்துவிட்டேன், ‘இது திரும்பி வரும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி வரவில்லை. பேக்டெஸ்ட்டில் உங்கள் ஸ்க்ரிப்ட் ஒருபோதும் ஸ்டாப்பை எடுக்காது, அதற்கு இரவில் தூக்கம் கெடாது, மனைவி முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

2016இல் ஹகானியும் டியூவியும் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. 61 பேரிடம் ஆளுக்கு 25 டாலர் கொடுத்து, 60% தலை விழும் காசு என்று முன்கூட்டியே சொல்லி, அரை மணி நேரம் பந்தயம் கட்டச் சொன்னார்கள். எவ்வளவு பந்தயம் கட்டலாம் என்று கெல்லி 1956இல் எழுதிய சூத்திரப்படி ஒவ்வொரு முறையும் கையிலிருப்பதில் 20% வைத்தால் போதும். இவ்வளவு சாதகம் இருந்தும் 28% பேர் மொத்தத்தையும் இழந்துவிட்டு எழுந்தார்கள். பலர் பூவில்கூடப் பணம் கட்டினார்கள்! சாதகம் கையில் இருந்தே இப்படி. சாதகமே இல்லாத இடத்தில் எந்த சைஸிங்கும் பணத்தை உண்டாக்காது, பணம் தீர்வதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

கடைசியாக, 1% ரிஸ்க் வீதம் 6 பங்கு என்றால் மொத்தம் 6% ரிஸ்க் என்று நினைப்போம். 1987 அக்டோபர் 19 அன்று டவ் ஒரே நாளில் 22.6% விழுந்தது. அப்படி ஒரு நாளில் 6% ஸ்டாப் என்பது வெறும் காகிதம். உங்கள் ஆறு பங்குகளும் சந்தையோடு சேர்ந்து விழுந்தால், முழுப் பணமும் உள்ளே இருக்கும்போது, போவது 6% இல்லை, 20%க்கு மேல். ஆறும் வேறு வேறு பெயர், அன்றைக்கு மட்டும் ஒரே பங்கு.

எதிர்ப்பாட்டு

எல்லாரும் சேர்ந்து எக்ஸிட்டைக் குப்பையில் போட்டுவிட்டீர்கள், கொஞ்சம் நில்லுங்கள். பாஸோ சோதனையில் காசு சுண்டி இரண்டு பக்கமும் போனார்கள், ஷார்ட்டும் உண்டு, ஆகவே ‘சந்தை பொதுவாக ஏறும்’ என்ற விளக்கம் அங்கே செல்லாது. ஆனாலும் லாபம் வந்தது. காரணம், அந்தச் சந்தைகளின் விலை குடிகாரன் நடையாக இல்லை, டிரெண்ட் இருந்தது. டிரெண்ட் இருக்கும் இடத்தில் ட்ரெய்லிங் ஸ்டாப் வேலை செய்யும். காமின்ஸ்கியும் ஆண்ட்ரூ லோவும் ஸ்டாப் லாஸ் பற்றி எழுதிய ஆய்விலும் இதுதான் சாரம். மொத்தத்தில் ஏறும் விலை குடிகாரன் நடை நடந்தால் ஸ்டாப் வருமானத்தைக் குறைக்கும், மொமெண்டம் (போன திசையிலேயே விலை தொடர்வது) இருந்தால் கூட்டவும் கூடும்.

ஆனால் பூவா_தலையா செய்தது அதே சோதனை இல்லை, இதை யாரும் இன்னும் சொல்லவில்லை. அங்கே 10 சந்தைகள், ஒவ்வொன்றிலும் எப்போதும் உள்ளே. ஸ்டாப் அடித்ததும் அதே சந்தையில் மறுபடி காசு சுண்டுகிறார்கள். பெரிய டிரெண்ட் ஓடிக்கொண்டிருந்தால் ஒன்றிரண்டு சுண்டலில் மறுபடி சரியான பக்கம் ஏறிவிடுவார்கள், டிரெண்டைத் தவறவிட வழியே இல்லை. இங்கே ஒரு பங்கு உங்களை வெளியே தள்ளினால் அடுத்தது 500இல் ஏதோ ஒன்று. அதே பங்குக்குத் திரும்பும் வாய்ப்பு 500இல் 1.

அது ஏன் பெரிய விஷயம் என்றால், பெசெம்பிண்டர் 2018இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 1926 முதல் 2016 வரை அமெரிக்கப் பங்குகள் உருவாக்கிய நிகரச் செல்வம் முழுவதும் சுமார் 4% பங்குகளிலிருந்து வந்தது. பாதிக்கு மேற்பட்ட பங்குகள் தம் வாழ்நாளில் ஒரு மாத அரசாங்கக் கடன்பத்திரம் கொடுத்ததைக்கூடக் கொடுக்கவில்லை. அந்த 4%இல் ஒன்று உங்கள் கையில் அதிர்ஷ்டவசமாக விழுந்தால், 3 ஏடிஆர் ஸ்டாப் அதைச் சில வாரத்திலேயே பிடுங்கிவிடும், ஏனென்றால் மிகப் பெரிய ஏற்றம் கண்ட பங்குகளும் நடுவில் பயங்கரமாக விழுந்து எழுந்தவைதான். பெரிய மீன் சிக்கிய ஒவ்வொரு முறையும் வலையை அறுத்துவிடும் விதியை வைத்துக்கொண்டு மீன்பிடிக்கிறீர்கள்.

கணக்கப்பிள்ளை

எதிர்ப்பாட்டு சொன்ன அந்தத் திரும்பி ஏறும் விஷயம் எனக்குத் தோன்றவில்லை, நல்ல பிடி. ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் பூவா_தலையா, சோதனையைத் தூக்கி எறிய வேண்டாம், கேள்வியை மாற்றுங்கள். ‘லாபம் வருகிறதா’ என்று கேட்டால் ஏறும் சந்தையில் எதற்கும் ஆமாம் என்றுதான் பதில் வரும். ‘எதைவிட அதிகம்’ என்று கேளுங்கள். அதே குருட்டாம்போக்கு என்ட்ரி, அதே பங்கு, அதே நாள், ஆனால் ஸ்டாப்புக்குப் பதில் குருட்டாம்போக்கு நாட்கள் கழித்து வெளியேறுவது. அந்த நாட்களை உங்கள் ஸ்டாப் வர்த்தகங்களின் கால அளவுகளிலிருந்தே சீட்டெடுங்கள், சந்தையில் பணம் இருக்கும் நேரம் இரண்டிலும் ஒன்றாகிவிடும். ஸ்டாப் இதை வெல்லவில்லை என்றால் ஸ்டாப்புக்குத் தகவல் எதுவும் தெரியவில்லை.

இன்னொன்று, தேதிகளைச் சீட்டுக்கட்டு போல் கலைத்து, முந்தைய நாள் முடிவு விலையின் விகிதமாக ஒவ்வொரு நாளின் அசைவையும் வைத்து, 500 பங்குகளுக்கும் அதே கலைப்பைப் பயன்படுத்திப் புதிய விலை வரிசை கட்டுங்கள். ஏற்றம் அப்படியே இருக்கும், பங்குகளுக்குள் இருக்கும் தொடர்பு இருக்கும், டிரெண்ட் மட்டும் செத்துவிடும். உண்மை விலையிலும் கலைத்த விலையிலும் ஒரே லாபம் வந்தால் உங்கள் எக்ஸிட் டிரெண்டைப் பிடிக்கவில்லை. கட்டுவது ஒரு மாலை வேலை, ஆனால் 1000 ஓட்டத்தைவிட இது அதிகம் சொல்லும். அந்த 1000 ஓட்டமும் ஒரே 15 வருடத்தைத்தான் திரும்பத் திரும்ப மெல்லுகின்றன, அவை 1000 தனித்தனிச் சாட்சிகள் இல்லை.

எத்தனை வர்த்தகம் வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு வர்த்தகத்தின் சிதறல் சுமார் 1 ஆர், தேடும் சாதகம் 0.05 ஆர் என்றால், ஒன்றையொன்று சாராத 1600 வர்த்தகமாவது வேண்டும். ஒரே நாளில் திறந்திருக்கும் 6 பங்குகள் ஒன்றையொன்று சாராதவை இல்லை, அதனால் அதைவிட நிறையவே.

பூவா_தலையா

வார இறுதி முழுக்க இதிலேயே போனது. அன்றன்றைய பட்டியல் இன்னும் கைக்கு வரவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன், ஆகவே கீழே சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் தீர்ந்தால் வாங்கக் கூடாது, கேப் ஆனால் திறப்பு விலை, இரு பக்கமும் செலவு, மூன்றையும் சேர்த்தேன். சும்மா வாங்கி வைத்திருந்தவனை வென்ற ஓட்டங்கள் மிகச் சில. குருட்டாம்போக்கு நாட்களில் வெளியேறுவதோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட சமம், ஸ்டாப் அடிக்கடி விற்று வாங்குவதால் செலவுக்குப் பிறகு ஒரு மயிரிழை பின்தங்குகிறது என்று சொல்ல ஆசை, ஆனால் கால அளவை இரண்டிலும் சமமாக்கிவிட்டதால் அதைக்கூடச் சொல்ல முடியவில்லை, வித்தியாசம் இரைச்சலுக்குள் அடங்கிவிடுகிறது.

ஒரே ஒரு இடத்தில் ஸ்டாப் தனியாகத் தெரிந்தது. மிக மோசமான ஓட்டங்களில் டிராடவுன் (உச்சத்திலிருந்து மூலதனம் சரியும் அளவு) குறைகிறது. தூங்க முடிகிற அளவு என்று சொல்லலாமா தெரியவில்லை, பழைய_கட்டை ஐயாதான் சொல்ல வேண்டும்.

கலைத்த விலை வரிசையில் ஒரு சிக்கல். தேதிகளைக் கலைத்தால் டிரெண்டோடு சேர்த்து, கொந்தளிப்பான நாட்கள் கூட்டமாக வரும் வழக்கமும் கலைந்துவிடுகிறது, அதனால் ஏடிஆர் எப்போதும் ஒரே சீராக நின்று ஸ்டாப் தூரமே மாறிவிடுகிறது. தனி நாட்களாகக் கலைக்காமல் 20 நாள் துண்டுகளாகக் கலைத்தால் சரியாகுமா, இல்லை அப்படிச் செய்தால் நான் கொல்ல நினைத்த டிரெண்டே துண்டுக்குள் பிழைத்துவிடுமா? கணக்கப்பிள்ளை, நேரம் இருக்கும்போது பாருங்கள்.